வாடாமல்லிக்கு வாடாமல்லி

ஒரு வேலை சுத்தமாகத் தெரியாதவர்களால் குடும்பத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை. அவர்கள் பேசாமல் உட்கார்ந்து டிவி பார்ப்பார்கள். பாதி தெரிந்தவர்கள்தான் எழுந்துபோய் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவார்கள். நான் தேடினேன். என் கெட்ட நேரம், தேடியதும் கிடைத்துவிட்டது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்கள் திட்டுவதற்கு வசதியாக இருக்கும். பெயர் சுமதி, ஊர் ஆரணி. அப்பாவும் அம்மாவும் வீட்டிலேயே தறி போட்டுப் பட்டு நெய்கிறவர்கள். நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து, செய்யாரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்குப் போகிறேன். ஷூவின் அடிப்பாகம் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பது என் வேலை. இதற்கும் எலெக்ட்ரிகலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், கம்பெனியே கேட்கவில்லை. ஆனால் தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும், "சுமதி கரண்டு படிச்ச பொண்ணு" என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் போவேன். பாதி மிக்ஸிகள் ஓடின. மீதியைப் பற்றி யாரும் என் முகத்துக்கு நேராகப் பேசியதில்லை.

என் தம்பி பாஸ்கர், எங்கள் வீட்டிலும் பக்கத்து ஊர் முள்ளிப்பட்டிலும் நெய்கிற புடவைகளை வெளியூர்க் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். அதற்காக செகண்ட் ஹேண்டில் ஒரு பெரிய டீசல் கார் வாங்கினான். வெளிநாட்டுத் தயாரிப்பு, எங்கள் தெரு முனையில் திரும்பவே திணறும். பழைய ஓனர் ரசனைக்காரர். ரிவர்ஸ் கியர் போட்டால் பேசுகிற ஒரு பெட்டியைப் பின்னால் பொருத்தியிருந்தார். ரிவர்ஸ் விழுந்ததும் ஒரு பெண் குரல், டீச்சர் மாதிரி கண்டிப்பாக, "வண்டி பின்னால் வருகிறது. தயவு செய்து விலகி நில்லுங்கள்" என்று சொல்லும். பிறகு பீப்பீ என்று ஒரு மெட்டு. பிறகு மறுபடியும் அந்த அம்மாள்.

வாங்கிய கொஞ்ச நாளில் வண்டிக்கு ஒரு நோய் வந்தது. உள்ளூரில் நன்றாக ஓடும். தூரமாகப் போனால் பாதி வழியில் மஞ்சள் விளக்கு எரிந்து, மதியச் சாப்பாடு சாப்பிட்ட ஆள் மாதிரி தளர்ந்துவிடும். மெக்கானிக் ஜாஃபர் பாய் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, டீசலைக் குளிரவைக்கிற மோட்டாருக்குப் போகும் கரண்டு லைனில் கோளாறு என்று சொன்னார்.

அது என்ன என்று சொல்கிறேன், சுலபம்தான். (அந்த நாட்களில் இதைக் கல்யாணப் பந்தியில்கூட விளக்கியிருக்கிறேன். கேட்டவர்கள் ரசம் வாங்க மறந்தார்கள்.) எஞ்சினுக்குப் போகிற டீசல் முழுவதும் எரிவதில்லை. மிச்சம் சூடாக டேங்குக்குத் திரும்பும். சூடு ஏறிக்கொண்டே போனால் எஞ்சினுக்கு ஆகாது. அதனால் இந்த மாதிரி வண்டிகளில் அடிப்பக்கம் ஒரு கூலரும், அதற்குத் தண்ணீரைத் தள்ளிக்கொடுக்க ஒரு குட்டி மோட்டாரும் வைத்திருக்கிறார்கள். டீசல் சூடானால் மோட்டாருக்குக் கரண்டு போகும், மோட்டார் ஓடும். ஓடாவிட்டால் வண்டி தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும்.

"வுட்டுட்டுப் போங்க. கைல நிறைய வண்டி கீது, அடுத்த வாரம் பாத்து குடுத்துர்றேன்" என்றார் பாய்.

அடுத்த வாரம் என்பதுதான் முடியாத காரியம். ஞாயிற்றுக்கிழமை சேத்துப்பட்டில் (சென்னையில் இருப்பது இல்லை, எங்கள் பக்கத்து ஊர்) பாஸ்கருக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். என் தம்பி முப்பதைத் தாண்டியவன். வந்த வரன்களெல்லாம் ஏதோ ஒரு சாக்கில் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தன. தறிக்கார வீடு என்றார்கள், கவர்ன்மென்ட் வேலை இல்லை என்றார்கள், ஒரு வீட்டில் எங்கள் தெரு குறுகல் என்றுகூடச் சொன்னார்கள். பாஸ்கரும் வெறுத்துப்போய், போட்டோ வந்தால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "உங்க இஷ்டம்" என்பான். இந்தப் பெண்ணின் போட்டோவை மட்டும் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போய் பாத்துட்டு வரலாம்மா" என்றான். அம்மா பூஜை அறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள். பெண் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"வாடகை வண்டி எடுத்துக்கலாமே" என்றார், அப்போது என்னோடு அப்பா வீட்டிலேயே இருந்த என் வீட்டுக்காரர் முரளி. அவர் எப்போதும் இப்படித்தான், சரியானதை மெதுவாகச் சொல்வார். அதனால் யார் காதிலும் விழாது.

"சொந்த வண்டிய வெச்சிகினு வாடகை வண்டில போய் எறங்கினா, பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?" என்றேன். "நான் பாத்துக்கறேன். இது எலெக்ட்ரிகல் ஃபால்ட்டு. என் சப்ஜெக்ட்டு."

சனிக்கிழமை காலை வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, கல் அண்டை கொடுத்து, கோணியை விரித்துக் கீழே நுழைந்தேன். முரளி போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். தெருவே வந்து நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரைக்கும் நான் செய்தது அத்தனையும் சரி. மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராகக் கரண்டு கொடுத்துப் பார்த்தேன், ஓடியது. அப்படியானால் மோட்டார் நல்லது. ரிலேவைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு ஒயரை வைத்துச் சேர்த்தேன். மோட்டார் பக்கத்துக் கனெக்டர் வரை கரண்டு வந்தது, டெஸ்ட் லேம்ப் எரிந்தது. அப்படியானால் லைனும் நல்லது. இரண்டுக்கும் நடுவில் மிச்சம் இருப்பது கனெக்டர் ஒன்றுதான். பிரித்தேன். உள்ளே பச்சையாகக் களிம்பு பூத்துக் கிடந்தது.

"கண்டுபுடிச்சிட்டேன்!" என்று வண்டிக்கு அடியிலிருந்து நான் போட்ட சத்தத்துக்குத் தெருநாய் எழுந்து ஓடியது.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் நான் இன்றைக்கு மரியாதையோடு வாழ்ந்துகொண்டிருப்பேன்.

அந்தக் கனெக்டர் ஆரணியில் கிடைக்காது. சரி, வெட்டி எறிந்துவிட்டு ஒயரோடு ஒயரை நேராகச் சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அங்கே டேப் சுற்றிய ஒரே ஒயர்க் கட்டுக்குள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கனெக்டர்கள் இருந்தன. இரண்டும் மோட்டாருக்குத்தான் என்று அதையும் நானே முடிவு செய்தேன். முடிவு செய்யும்போது யாரையும் கேட்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. கட்டிங் பிளேயரை வைத்து இரண்டையும் இரண்டு பக்கமும் வெட்டி வெளியே வீசினேன். வண்டி பக்கம் நாலு ஒயர் தொங்கியது. எதிர்ப்பக்கம் நாலு ஒயர் தொங்கியது.

"வெட்றதுக்கு முன்னாடி எது எதோட இருந்துச்சின்னு ஒரு போட்டோ எடுத்தியா?" என்றார் முரளி, மெதுவாக.

எதற்குப் போட்டோ? எங்கள் புடவை நிறங்களில் சொன்னால், இந்தப் பக்கம் ஒரு வாடாமல்லி, ஒரு காப்பிக்கொட்டை, ஒரு அரக்கு, ஒரு கறுப்பு. அந்தப் பக்கமும் ஒரு வாடாமல்லி, ஒரு காப்பிக்கொட்டை, ஒரு அரக்கு, ஒரு கறுப்பு. எங்கள் வீட்டில் தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாட்டு நூல், முடிந்தால், பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையை விரலால் முறுக்கிச் சேர்ப்போம். பாவு பிணைப்பது என்று பெயர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு அதுதான் வேலை. ஆயிரக்கணக்கான இழைகள். கறுப்போடு கறுப்பு, அரக்கோடு அரக்கு. நிறம் மாறினால் புடவையே போச்சு. என்னைத் தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் கை தப்பாது.

"கண்ணு எதுக்கு இருக்குது? வாடாமல்லிக்கு வாடாமல்லி. இதுகூடத் தெரியாமயா எங்க வீட்ல பொறந்து வளந்தேன்?" என்றேன்.

வாசலில் நின்ற அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எம் பொண்ணு பிணைச்சா ஒரு இழ மாறாது மாப்ள. நீங்க வெளிச்சத்த மட்டும் புடிங்க" என்றார்.

பழக்க தோஷத்தில் அம்மாவிடம் சாம்பல்கூடக் கேட்டு வாங்கி விரலில் தொட்டுக்கொண்டேன், பட்டு இழை வழுக்காமல் இருக்கத் தொடுவது போல. (செம்புக் கம்பிக்குச் சாம்பல் எதற்கு என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.) நாலையும் முறுக்கி, டேப் சுற்றி, எங்கள் வீட்டு முறைப்படி ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். பிணைத்த இழை அறாமல் வந்தால் பிணைப்பு சரி. கம்பெனியில் ஷூவுக்கும் அதே பரிசோதனைதான். ஒன்றும் அறவில்லை. வேலை முடிந்தது என்று வெளியே வந்தேன்.

ஒயருக்கு இழுத்துப் பார்ப்பது பரிசோதனை ஆகாது என்று டிப்ளமோவில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் அன்றைக்கு லீவாக இருந்திருக்க வேண்டும்.

பாஸ்கர் வண்டியை ரிவர்ஸ் எடுத்து ஓரமாக விட்டான். அந்தப் பெண் குரல் வரவில்லை.

"அக்கா, அந்த அம்மா பேசவே இல்லியே?"

"பழசுடா அது. போயிருக்கும். பேஜார் வுட்டுதுன்னு நெனச்சிக்கோ."

எல்லோரும் சந்தோஷப்பட்டோம். மூளை உள்ள ஒருத்தி அந்த நிமிஷம் மறுபடி வண்டிக்கு அடியில் நுழைந்திருப்பாள். நான் கை கழுவிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஞாயிறு காலை பூ, பழம், வெற்றிலைத் தட்டோடு கிளம்பினோம். பாஸ்கர் ஓட்டினான், பக்கத்தில் முரளி. பின்னால் அப்பா, அம்மா, நான். என் கல்யாணத்துக்கு அப்பா தன் கையால் நெய்த மயில்கழுத்து நிறப் பட்டைக் கட்டியிருந்தேன். பாஸ்கர் கண்ணாடியில் தலையைச் சரிசெய்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம். பாதி வழி வந்திருப்போம். வண்டி நேராக, நல்ல வேகத்தில், முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"வண்டி பின்னால் வருகிறது. தயவு செய்து விலகி நில்லுங்கள்."

பாஸ்கர் கியரைக் குனிந்து பார்த்தான். முரளியும் பார்த்தார். கியரில் தப்பில்லை. பீப்பீ என்று மெட்டு வந்தது. மறுபடியும் அந்த அம்மாள்.

முதலில் சிரித்தோம். அது நிற்கவில்லை என்றதும் சிரிப்பு நின்றது. பின்னால் வந்த டவுன் பஸ் பயந்து தூரமாக ஒதுங்கி வந்தது. எதிரில் வந்தவர்கள் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "நல்ல காரியத்துக்குப் போவும்போது பின்னால போறேன் பின்னால போறேன்னு சொல்லுதே, இது இன்னாடி சகுனம்?" என்று அம்மா வெற்றிலைத் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்போது மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி தளர்ந்தது. ஒரு வைக்கோல் டிராக்டர் எங்களைத் தாண்டிப் போனது. டிராக்டர்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

"அக்கா," என்றான் பாஸ்கர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "நேத்து இன்னா பண்ண?"

கேவலம் என்னவென்றால், "நான் பண்ணதுல தப்பு இருக்காதுடா, இது வேற எதோ" என்று சொன்னேன்.

சேத்துப்பட்டில் பெண் வீட்டுத் தெருவுக்குள் நுழையும்போது எங்கள் வருகை தெரியாதவர்கள் ஒருவரும் இல்லை. பெண்ணின் அப்பா சத்தம் கேட்டு வெளியே வந்தவர், பாவம், பின்னால்தான் எடுக்கிறோம் என்று நினைத்து எங்கள் வண்டியின் பின்பக்கம் ஓடினார். "வரலாம், வரலாம், லெஃப்ட்ல ஒடிங்க" என்று இரண்டு கையாலும் காட்டினார். வண்டி அவரை விட்டு முன்னால் போனது. அவர் காட்டிக்கொண்டே எங்களைத் துரத்தி வந்தார். சம்பந்தியாக வேண்டியவரை நாங்கள் சந்தித்த விதம் இது.

பாஸ்கர் சாவியைத் திருகிக் கையில் எடுத்தான். எஞ்சின் நின்றது. அந்த அம்மாள் நிற்கவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்தோம். பெண்ணின் அத்தை எல்லோருக்கும் பாய் விரித்து, கேசரி வைத்தாள். அம்மா தொண்டையைச் செருமி, "எங்க பையன் ரொம்ப பொறுமைங்க..." என்று ஆரம்பித்தாள். வெளியிலிருந்து, "தயவு செய்து விலகி நில்லுங்கள்." பெண் காபித் தட்டோடு வந்தாள். போட்டோவில் இருந்ததைவிட லட்சணமாக இருந்தாள். பாஸ்கர் நிமிர்ந்து பார்த்தான். "வண்டி பின்னால் வருகிறது." அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். காபி தளும்பியது. பாஸ்கரும் சிரித்துவிட்டான். எத்தனையோ வீடுகளில் உம்மென்று உட்கார்ந்திருந்தவன்.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "இன்னாங்க இது, வூட்டு வாசல்ல வந்து விலகு விலகுன்னு கத்திகினு கீது?" என்றாள்.

நான் எழுந்தேன். யாரையும் பார்க்காமல் வெளியே வந்து, டிக்கியிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு சம்பந்தி வீட்டு வாசலில், காருக்கு அடியில் படுத்து நுழைந்தேன். ஜாக்கி இல்லாமல். பெரிய வண்டி என்பதால் நுழைய முடிந்தது. தலைக்கு நேராக அந்த அம்மாள் கத்திக்கொண்டிருந்தாள்.

நேற்றுப் பார்க்காததை அங்கே பார்த்தேன். அந்த ஒயர்க் கட்டிலிருந்து இரண்டு ஒயர்தான் மோட்டாருக்குப் போயின, அரக்கும் கறுப்பும். வாடாமல்லியும் காப்பிக்கொட்டையும் பின்பக்கமாக ஏறி அந்தப் பேசும் பெட்டிக்குள் போயின. வண்டி பக்கமோ அப்படியே தலைகீழ். மோட்டாருக்கான லைன் வாடாமல்லி, காப்பிக்கொட்டை. ரிவர்ஸ் லைன் அரக்கு, கறுப்பு. கனெக்டருக்கு இந்தப் பக்கம் ஒரு நிறமும் அந்தப் பக்கம் வேறு நிறமும் இருந்திருக்கிறது. வண்டியைச் செய்தவர்கள் ஆரணியில் நெய்தவர்கள் இல்லை. நான்தான் நாலையும் நிறம் பார்த்து அழகாகப் பிணைத்துவிட்டேன். டீசல் சூடாகி மோட்டாருக்கு வந்த கரண்டு எல்லாம் அந்த அம்மாளுக்குப் போய்க்கொண்டிருந்தது. மோட்டாரோ ரிவர்ஸ் போட்டால் மட்டும் ஓடும். டீசல் ஆறுகிறவரை, வண்டியை அணைத்த பிறகும் அந்த லைனில் கொஞ்ச நேரம் கரண்டு வரும்படிதான் செய்திருக்கிறார்கள். (இந்த மோட்டாரைப் பற்றி போனில் பார்த்த வீடியோவில் அந்தப் பகுதியை நான் தள்ளிவிட்டுப் பார்த்திருந்தேன்.)

வாடாமல்லியை வெட்டினேன். தெரு அமைதியானது. அந்த அமைதியில் என்னால் வெளியே வர முடியவில்லை, அவமானம் ஒரு பக்கம், முந்தானை எங்கேயோ மாட்டிக்கொண்டது இன்னொரு பக்கம். துணி கருகுகிற வாசனை வந்தது. சைலன்சர்.

வண்டிக்கு வெளியே கொலுசுக் கால் இரண்டு வந்து நின்றது. பெண் குனிந்து எட்டிப் பார்த்தாள்.

"நீங்கதான் அவரோட அக்காங்களா?"

"ஆமாம்மா" என்றேன், மல்லாந்து படுத்தபடி.

"தண்ணி எதுனா வேணுங்களா?" என்று கேட்டுவிட்டு, அதற்குமேல் அடக்க முடியாமல் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. எனக்கே அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போன நிமிஷம் அதுதான். அவளுக்குப் பின்னால் வாசலில் அத்தை நின்று, என் கால்களையும் கரி பிடித்த பட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கேயே நாலையும் மாற்றிச் சேர்த்தேன். திரும்பி வரும்போது அந்த வண்டி அப்படி ஓடியது, வாங்கிய நாளிலிருந்து அப்படி ஓடியதே இல்லை. மஞ்சள் விளக்கு இல்லை, சத்தம் இல்லை, நாங்களும் பேசவில்லை. அப்பா என் முந்தானையில் விழுந்த ஓட்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என் மடியிலேயே வைத்தார். ஊர் நெருங்கும்போது பாஸ்கர் மட்டும் வாயைத் திறந்தான்.

"அந்தப் பொண்ணு நல்லா சிரிச்சிது இல்லக்கா?"

அப்புறம் கல்யாணத் தரகர் போன் செய்தார். பெண்ணுக்குப் பிடித்திருக்கிறதாம். அப்பாவுக்கும் சம்மதம்தானாம். "அத்தக்காரிக்குத்தான் மனசு வரல. நல்ல நாளும் அதுவுமா வாசல்ல வந்து அபசகுனமா கத்திச்சின்றா. அதோட, அந்த அக்கா இருக்கற வூட்ல நம்ம பொண்ணு எப்படி காலம் தள்ளும்னு கேக்கறாளாம். தாயில்லாத பொண்ண வளத்தவ, அவ பேச்ச யாரும் மீற மாட்டாங்க." ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோரும் கேட்டோம். பாஸ்கர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

தெருவில் பேச்சு வேறு மாதிரி ஓடியது. பொம்பளை கை வைத்தால் இப்படித்தான் ஆகும் என்றார்கள். பொம்பளை என்பதால் இல்லை ஐயா, கலர் பார்த்ததால் ஆனது என்று ஒவ்வொருவரிடமும் நின்று விளக்க முடியுமா? என்னால் என்னோடு கரண்டு படித்த பெண்கள் அத்தனை பேருக்கும் கெட்ட பெயர். மிக்ஸி ரிப்பேருக்கு அப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

பாஸ்கருக்குப் பிறகு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. பெண் பார்க்க எல்லோரும் பஸ்ஸில் போனார்கள். என்னையும் அழைத்துப் போனார்கள், ஜன்னலோரம் உட்காரவைத்து, எதையும் தொடாதே என்று சொல்லி. நல்ல பெண், நன்றாக இருக்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள்தான். ஆனாலும் சேத்துப்பட்டு பஸ் நிற்கிற பக்கம் போனால் எனக்கு இன்னும் முகம் சூடாகும்.

போன வருஷம் நாங்கள் ஊருக்கு வெளியே சின்னதாக வீடு கட்டினோம். கிரகப் பிரவேசத்துக்கு முதல் நாள் பாஸ்கர் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்து, வாசல் பக்கம் ஏதோ மாட்டிக்கொண்டிருந்தான். காலிங் பெல், என் சீர் என்றான். அழுத்திக் காட்டினான்.

"வண்டி பின்னால் வருகிறது. தயவு செய்து விலகி நில்லுங்கள்."

அம்மா சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். முரளி சுவரில் சாய்ந்துகொண்டார். எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "கலர் பாத்து கனெக்ஷன் குடுத்தியாடா?" என்றேன்.

"இல்லக்கா. எது எங்க போவுதுன்னு பாத்து குடுத்தேன்."

புதிதாக வருகிறவர்கள் பெல்லை அழுத்திவிட்டு இரண்டடி பின்னால் போய்விடுகிறார்கள். ஒருமுறை கேஸ் சிலிண்டர்காரர் சிலிண்டரோடு விலகி நின்றார். கழற்றச் சொன்னால் பாஸ்கர் கழற்றிவிடுவான். நான் சொல்லவில்லை. அவன் வரும்போது மட்டும், கதவு திறந்தே கிடந்தாலும் பெல்லை அழுத்துகிறான். அந்த அம்மாள் பேசி, மெட்டு முடிந்து, முழுசாக ஓய்ந்த பிறகுதான் உள்ளே கால் வைக்கிறான். நானும் அடுப்படியில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அது முடிகிறவரை தலையைக் குனிந்து நிற்கிறேன்.